மருதையாற்றில் ரயில் விழுந்த இரண்டே வாரத்தில் பெரம்பூருக்கு வந்த சீனப் பிரதமர்

பெரம்பலூர் என்று சொன்னால் சென்னையில் பாதிப் பேர் "பெரம்பூரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இல்லைங்க, நடுவுல ஒரு 'ல' இருக்கு.

அந்த ஒரு எழுத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெரம்பூர், இந்தியாவுக்கே ரயில் பெட்டி செய்து கொடுத்த ஊர். பெரம்பலூர், மாவட்டத் தலைநகராக இருந்தும் இன்றுவரை ரயில் நிலையம் இல்லாத ஊர். ரயில் ஏற வேண்டும் என்றால் நாங்கள் பஸ் பிடித்து அரியலூர் போக வேண்டும். அரியலூர் - பெரம்பலூர் - துறையூர் - நாமக்கல் பாதை என்று ஒரு கோரிக்கை இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் அது எழுந்து உட்காரும், பிறகு படுத்துக்கொள்ளும்.

இன்றைக்கு எழுத வந்தது அந்தக் கோரிக்கையைப் பற்றி அல்ல. உலகத்திலேயே பெரிய ரயில் பெட்டி தயாரிப்பு நிறுவனம் இன்று சீனாவில் இருக்கிறது. அது எப்படி வளர்ந்தது, நம்ம பெரம்பூர் எங்கே நின்றது, இதில் ஒரு டாக்டருக்கு என்ன வேலை? இதுதான் விஷயம். கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

வயதான நோயாளிகளிடம் வயசு கேட்டால் எங்கள் பக்கம் வருஷம் சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். சில மாதங்களுக்கு முன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மா, "ரயிலு கவுந்தப்ப எங்கம்மா வயித்துல நான் அஞ்சு மாசம்" என்றார். எந்த ரயில் என்று நான் கேட்கவில்லை. அரியலூர் பக்கத்தில் ரயில் கவிழ்ந்தது என்றால் அது ஒன்றுதான்.

1956 நவம்பர் 22 இரவு. சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது. அப்போது இது மீட்டர் கேஜ் பாதை, நீராவி என்ஜின். பல நாளாக மழை. விழுப்புரம் தாண்டி, விருத்தாசலம் தாண்டி, 23ஆம் தேதி விடிவதற்கு முன் அரியலூரை விட்டுக் கிளம்பி கல்லகம் நோக்கிப் போகிறது. நடுவில் மருதையாறு.

பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் பக்கம் பெய்கிற மழைதான் அந்த ஆற்றில் ஓடும். கோடையில் பார்த்தால் இதெல்லாம் ஒரு ஆறா என்று கேட்பீர்கள். அன்றைக்கு அது கரை புரண்டு ஓடியது. பாலத்தை ஒட்டிய கரையை வெள்ளம் அரித்திருந்தது. தண்டவாளம் மேலே இருந்தது, அதைத் தாங்கும் மண் கீழே இல்லை. என்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் இருட்டில் ஆற்றுக்குள் போயின. பயணிகளில் பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்த நேரம். 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அடுத்து நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருஷம் செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து 100-க்கும் மேல் இறந்தபோதே அவர் ராஜினாமா கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் அல்ல, அரசியல் சாசன நெறிக்கு ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதால் ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். துணை அமைச்சராக இருந்தவர் நம்ம ஊர் ஓ.வி. அழகேசன். அவர் பெயரையும் அரியலூரையும் சேர்த்து தி.மு.க. ஒரு முழக்கம் கட்டி, 1957 தேர்தலில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. வயதானவர்களைக் கேளுங்கள், ராகத்தோடு சொல்வார்கள்.

சாஸ்திரி கதையோடு அரியலூரை முடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் அதே இரண்டு வாரத்துக்குள் இன்னொன்று நடந்தது. அதை இதோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை.

1956 டிசம்பர் முதல் வாரம். சீனப் பிரதமர் சூ என்லாய் சென்னைக்கு வருகிறார். இந்தி-சீனி பாய் பாய் காலம். மாமல்லபுரம் போனார். ஜெமினி ஸ்டுடியோ போனார். மாமல்லபுரம் பக்கம் குழிப்பாந்தண்டலம் என்ற கிராமத்தில் ஒரு தாய்சேய் நல மையத்துக்குப் போனார். (டாக்டர் புத்தி, இதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.) அதோடு பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். பார்வையாளர் ஏட்டில், இங்கிருந்தும் இங்குள்ள பொறியாளர்கள், தொழிலாளர்களிடமிருந்தும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருள்பட எழுதிவிட்டுப் போனார்.

2019இல் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது பத்திரிகைகள் இந்தப் பழைய கதையைத் தூசி தட்டின. இளநீர், வேட்டி போட்டோவுக்கு நடுவில் அது காணாமல் போய்விட்டது.

அப்படி என்ன இருந்தது பெரம்பூரில்?

அதற்கு ரயில் விபத்தில் மனிதர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் கஷ்டமான பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய காலப் பெட்டி என்பது கீழே ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் பெரும்பாலும் மரத்தால் ஆன உடம்பு. மாட்டு வண்டியில் கூண்டு வைப்பது மாதிரி. வலு எல்லாம் கீழே, ஆட்கள் மேலே. மோதல் நடந்தால் ஒரு பெட்டியின் இரும்புச் சட்டம் அடுத்த பெட்டியின் சட்டத்துக்கு மேலே ஏறி, மர உடம்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். தீப்பெட்டிக்குள் தட்டு நுழைகிற மாதிரி ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. நடுவில் மாட்டியவருக்கு மார்புக்கூடு, இடுப்பெலும்பு எல்லாம் நொறுங்கும். தப்பியவருக்கு மரச் சிம்பு குத்திய காயங்கள்.

இதற்கு ஒரு விடை சுவிட்சர்லாந்தில் இருந்தது. சூரிச் பக்கத்தில் ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு ரயில் பெட்டித் தொழிற்சாலை. சட்டம் தனி, உடம்பு தனி என்று இல்லாமல் தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே எஃகுக் குழாய் மாதிரி செய்தார்கள். எடை குறைவு, வலு அதிகம். பெட்டியின் இரண்டு முனையிலும், அதாவது கதவும் கழிவறையும் இருக்கும் இடத்தில், வேண்டுமென்றே கொஞ்சம் பலவீனம் வைத்தார்கள். மோதினால் முனை கசங்கும், உட்கார்ந்திருக்கும் நடுப்பகுதி பிழைக்கும். முழு உடம்பும் சேர்ந்து பாரத்தைத் தாங்குவதால்தான் பெயரே 'இன்டெக்ரல்' பெட்டி.

1949இல் அந்த நிறுவனத்தோடு இந்திய அரசு ஒப்பந்தம் போட்டது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு பெரம்பூர் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். முதலில் பெட்டியின் கூடு மட்டும் செய்தார்கள், இருக்கை, மின்விளக்கு பொருத்தும் பிரிவு 1962இல் வந்தது. சுதந்திரம் கிடைத்து எட்டே வருஷத்தில் ஒரு ஆசிய நாடு தன் கையால் எஃகுப் பெட்டி செய்கிறது. சூ என்லாய் வந்து பார்த்தது இதைத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருதையாற்றில் விழுந்த ரயில் எந்தப் பெட்டியாக இருந்திருந்தாலும் விழுந்துதான் இருக்கும். அரிக்கப்பட்ட கரைக்குப் பெட்டி பதில் இல்லை. வெள்ளத்தில் மூழ்கியவருக்கு எஃகுச் சுவரும் மரச் சுவரும் ஒன்றுதான். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

இப்போது சீனா பக்கம் போவோம்.

சீனாவில் அப்போது ரயில் தொழிற்சாலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தாங்ஷான் தொழிற்சாலை 1881இலேயே தொடங்கியது. தாலியனில் ரஷ்யர்கள் 1899இல், சிங்தாவில் ஜெர்மானியர்கள் 1900இல் ஆரம்பித்தார்கள். ஏகாதிபத்தியம் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு பட்டறையைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. புரட்சிக்குப் பிறகு 1954இல் சாங்சுன் நகரில் பெரிய பெட்டித் தொழிற்சாலை வந்தது. ஆனால் போர், பஞ்சம், கலாசாரப் புரட்சி என்று பல வருஷம் போயிற்று. தாங்ஷானில் 1976இல் வந்த நிலநடுக்கம் ஊரையே தரைமட்டமாக்கியது, தொழிற்சாலையும் போயிற்று. அதே எழுபதுகளில் பெரம்பூர் தைவானுக்குப் பெட்டி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. 1984இல் இந்தியாவின் முதல் மெட்ரோ கொல்கத்தாவில் ஓடத் தொடங்கியபோது அதன் பெட்டிகளும் பெரம்பூர்ப் பெட்டிகள்தான்.

அந்தக் கட்டத்தில் பந்தயம் வைத்திருந்தால் நீங்கள் யார் மேல் பணம் கட்டியிருப்பீர்கள்? நான் பெரம்பூர் மேல்தான்.

அப்புறம் 2004 வந்தது. சீன ரயில்வே அமைச்சகம் அதிவேக ரயில் வாங்க டெண்டர் விட்டது. ஒரு நிபந்தனை: வெளிநாட்டு நிறுவனம் தனியாக வர முடியாது. ஒரு சீனத் தொழிற்சாலையோடு ஜோடி சேர வேண்டும், தொழில்நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆர்டரோ மிகப் பெரியது. வாங்குகிற ஆள் ஒரே ஆள். ஜப்பானின் கவாசாகி சிங்தாவோடு சேர்ந்தது. பிரான்சின் அல்ஸ்தோம் சாங்சுனோடு சேர்ந்தது. பொம்பார்டியரும் வந்தது. ஜெர்மனியின் சீமென்ஸ் அதிக விலை சொல்லி, முதல் சுற்றில் வெளியே நின்றது. அடுத்த வருஷமே விலையைக் குறைத்துக்கொண்டு வந்து தாங்ஷானோடு சேர்ந்தது. நிலநடுக்கத்தில் விழுந்த அதே தாங்ஷான்.

நான்கு வாத்தியார், நான்கு பாடத்திட்டம், ஒரே நேரத்தில். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்-தியான்ஜின் பாதையில் 350 கி.மீ. வேகத்தில் ரயில் ஓடியது. 2015 ஜூனில் வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்த அரசு நிறுவனங்களை ஒன்றாக்கி சி.ஆர்.ஆர்.சி. உருவானது. 2017இல் ஃபூசிங் என்ற சொந்த வடிவமைப்பு வந்தது. இன்று அந்த நாட்டில் 40,000 கி.மீ.க்கும் மேல் அதிவேகப் பாதை. சி.ஆர்.ஆர்.சி.க்குப் பயந்து பாடம் சொன்ன சீமென்ஸும் அல்ஸ்தோமும் தங்கள் ரயில் தொழிலை ஒன்றாக்கப் பார்த்தன. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம்தான் வேண்டாம் என்று தடுத்தது.

சரி, அதே காலத்தில் பெரம்பூர் என்ன செய்தது?

நிறைய செய்தது. ஆனால் அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதியது.

வாத்தியார் ஷ்லீரன் தொழிற்சாலை 1985இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவர் 1949இல் ஒத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த அடிப்படை வடிவத்தில் பெரம்பூர் 2018 ஜனவரி வரை பெட்டி செய்தது. நடுவில் எவ்வளவோ திருத்தங்கள் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் எலும்புக்கூடு அதுவேதான்.

அதில் என்ன பிரச்சினை? பெட்டிகளை இணைக்கும் இடம். நீல நிறப் பழைய ரயிலில் இரண்டு பெட்டிக்கு நடுவில் எட்டிப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு திருகு இணைப்பு, இரண்டு பக்கமும் வட்டமாகத் தட்டு வைத்த பஃபர். சாதாரண ஓட்டத்துக்கு இது போதும். பெரிய மோதலில் திருகு அறுந்து, பஃபர் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, ஒரு பெட்டி அடுத்த பெட்டியின் தலை மேல் ஏறிவிடும். மரப் பெட்டிக்குள் சட்டம் நுழைந்த அதே கதை, எஃகில்.

1998 நவம்பரில் பஞ்சாபின் கன்னா அருகே 212 பேர் இறந்தார்கள். 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசாலில் இரண்டு ரயில் நேருக்கு நேர் மோதி 280-க்கும் மேல் இறந்தார்கள். கைசால் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பெட்டிகள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி நிற்கும். அங்கே காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் என்பதே பெட்டியை வெட்டி ஆளை எடுத்த பிறகுதான் தொடங்க முடியும். எங்கள் தொழிலில் விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்போம். அங்கே அது கேஸ் கட்டருக்கே போய்விடும்.

மாற்று வழி தெரியாமல் இல்லை. ஜெர்மனியின் எல்.எச்.பி. வடிவத்துக்கு 1995இலேயே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. 2000இல் முதல் பெட்டிகள் வந்துவிட்டன. நடுவில் ஒரே வலுவான இணைப்பான். இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்கிற மாதிரி அது பிடித்துக்கொள்ளும், சுலபத்தில் ஏற விடாது. துருப்பிடிக்காத எஃகு உடம்பு, டிஸ்க் பிரேக். 2012இல் அனில் ககோட்கர் குழு பழைய வடிவத்தை நிறுத்தி முழுக்க எல்.எச்.பி.க்கு மாறுங்கள் என்று சொன்னது. பெரம்பூரில் கடைசிப் பழைய வடிவப் பெட்டி வெளியே வந்தது 2018இல்.

2000இலிருந்து 2018. பதினெட்டு வருஷம்.

மருத்துவத்தில் ஒரு பிரபலமான கணக்கு உண்டு. ஆராய்ச்சியில் நிரூபணமான ஒரு விஷயம் நோயாளியின் படுக்கைக்கு வந்து சேர சராசரியாக 17 ஆண்டு ஆகிறது என்பார்கள். எனவே ரயில்வேயைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. காரணமும் அதேதான். புதுசு விலை அதிகம். பழைய பெட்டியும் புதுப் பெட்டியும் இணைப்பு வேறு என்பதால் ஒரே ரயிலில் சுலபமாகக் கலக்க முடியாது. பணிமனை, உதிரி பாகம், பயிற்சி எல்லாம் பழையதுக்கே பழகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்ற கேள்வி. முப்பது வருஷம் ஒரே மாத்திரை எழுதும் டாக்டரும் இதையேதான் சொல்வார்.

அப்படியென்றால் சீனா மாதிரி வேகமாகப் போயிருக்க வேண்டுமா? அவசரப்படாதீர்கள். அந்தப் பக்கமும் பிணங்கள் இருக்கின்றன.

2011 ஜூலை 23. சீனாவின் வென்சோ நகரம். இடி மின்னலில் ஒரு அதிவேக ரயில் மேம்பாலத்தில் நின்றுவிட்டது. பின்னால் வந்த இன்னொரு அதிவேக ரயிலுக்கு சிக்னல் வழி திறந்திருப்பதாகக் காட்டியது. மோதல். நான்கு பெட்டிகள் பாலத்திலிருந்து கீழே விழுந்தன. 40 பேர் இறந்தார்கள். இனி உயிரோடு யாரும் இல்லை என்று சொன்ன பிறகு, விபத்து நடந்து சுமார் 21 மணி நேரம் கழித்து ஒரு இரண்டு வயதுப் பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். இதற்கிடையில் உடைந்த பெட்டியைப் பள்ளம் தோண்டிப் புதைக்கும் காட்சி வெளியே வந்துவிட்டது. சீன மக்கள் சமூக வலைத்தளத்தில் கொந்தளித்தார்கள். அந்த அளவு வெளிப்படையான கோபம் அங்கே அபூர்வம்.

விசாரணை அறிக்கை அந்த வருஷம் டிசம்பரில் வந்தது. சிக்னல் கருவியின் வடிவமைப்பிலேயே கோளாறு, அதைச் சரியாகச் சோதிக்காமல் பொருத்தியது தவறு என்றது. அதாவது வாத்தியார்களிடம் பெட்டி செய்யக் கற்ற வேகத்தில் மற்றதைச் சோதித்துப் பார்க்கும் பொறுமை கூட வரவில்லை. ரயில்களின் வேகத்தைக் குறைத்தார்கள். 54 ரயில்களை நிறுவனமே திரும்ப அழைத்துக்கொண்டது. 2013இல் ரயில்வே அமைச்சகத்தையே கலைத்துவிட்டார்கள். மறுபடி 350 கி.மீ. வேகத்தைத் தொட 2017 ஆனது.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர் ஆட்களுக்கு இன்னொரு கதை நினைவிருக்கும். அங்கே ஓடிய சில எம்.ஆர்.டி. ரயில்கள் கவாசாகியும் சீனாவின் சிங்தா தொழிற்சாலையும் சேர்ந்து செய்தவை. பெட்டியின் அலுமினிய உடம்பில் மயிரிழை விரிசல்கள். 26 ரயில்களை சத்தமில்லாமல் சீனாவுக்குத் திருப்பி அனுப்பிச் சரிசெய்தார்கள். 2016இல் ஒரு ஹாங்காங் செய்தி அமைப்பு வெளியிட்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. ஆபத்தில்லாத விரிசல்தான் என்றது சிங்கப்பூர் அரசு. இருக்கலாம். ஆனால் நோயாளியிடம் சொல்லாமல் மறைத்த சின்னக் கட்டியும் நம்பிக்கையை அரிக்கும்.

இப்போது மறுபடி பெரம்பூர்.

2018இல் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. 18 மாதத்தில், தனி என்ஜின் இல்லாத ஒரு ரயிலை ஐ.சி.எஃப். பொறியாளர்கள் சொந்தமாக வடிவமைத்துக் கட்டினார்கள். 'ட்ரெயின் 18' என்று பெயர். அதுதான் 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் ஆனது. பொது மேலாளராக இருந்த சுதான்ஷு மணி அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள், மகன் கல்யாணத்தைச் சொல்கிற மாதிரி சொல்வார்.

அதே 2018-19இல் ஐ.சி.எஃப். 3,262 பெட்டிகள் செய்தது. உடனே "சீனாவை முந்திய பெரம்பூர்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. எண்ணிக்கை உண்மை. ஆனால் அந்த ஒப்பீட்டை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். 350 கி.மீ. ஓடும் மோட்டார் பெட்டியும் நம்ம முன்பதிவில்லாப் பெட்டியும் எண்ணிக்கையில் ஒன்று, ஒன்றுதான். பிரசவ எண்ணிக்கையை வைத்து ஆஸ்பத்திரியை எடை போடுகிற மாதிரி அது.

அடுத்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு. 44 வந்தே பாரத் ரயில்களுக்கு மின்மோட்டார் உள்ளிட்ட கருவிகள் வேண்டும் என்று ஐ.சி.எஃப். டெண்டர் விட்டது. 2020 ஜூலையில் திறந்து பார்த்தால் ஆறு நிறுவனங்கள். அதில் ஒன்று சி.ஆர்.ஆர்.சி.யும் ஒரு குருகிராம் நிறுவனமும் சேர்ந்த கூட்டு. அதற்கு ஒரு மாதம் முன்புதான் கல்வானில் நம் ராணுவத்தினர் 20 பேர் இறந்திருந்தார்கள். ஆகஸ்டில் டெண்டர் ரத்து. திருத்தி மறுபடி விட்டு, 2021 ஜனவரியில் ஐதராபாத்தின் மேதா நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். முதல் ட்ரெயின் 18க்குக் கருவி செய்ததும் அவர்கள்தான்.

1956இல் அந்த வாசலுக்குக் கற்றுக்கொள்ள வந்த நாடு, 64 வருஷம் கழித்து அதே வாசலுக்கு விற்க வந்தது.

ரத்து செய்தது சரியா தவறா என்றால், அந்த நேரத்தில் வேறு முடிவு எடுத்திருக்க முடியாது என்பது என் கருத்து. ஆனால் எல்லா வாசலும் மூடவில்லை. மும்பையின் முதல் மெட்ரோவில் 2014 முதல் ஓடுவது சீனாவின் நான்ஜிங் பெட்டிகள். கொல்கத்தாவுக்கு தாலியனிலிருந்து முதல் ரயில் 2019 மார்ச்சில் கப்பலில் வந்து, சோதனையெல்லாம் முடிந்து 2023இல்தான் பயணிகளை ஏற்றியது. இலங்கையில் இன்னும் வேடிக்கை. யாழ்ப்பாணம் போகிற பாதைக்கு 2019இல் பெரம்பூர் செய்த ரயில் போனது, மலையகம் ஏறுகிற பாதைக்கு சிங்தா செய்த ரயில் போனது. யாழ்ப்பாணத்துக்காரரும் பதுளைக்காரரும் கொழும்பு கோட்டை நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து நடைமேடையில் ஏறுகிறார்கள்.

பெட்டிக்குத் திரும்புவோம். புதுப் பெட்டி உயிரைக் காக்குமா?

2023 ஜூன் 2. ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், தவறாக லூப் லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயில் மேல் மோதியது. எல்.எச்.பி. பெட்டிகள்தான். 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிக அடி வாங்கியது முன்னால் இருந்த முன்பதிவில்லாப் பெட்டிகள். அதில் இருந்தவர்களில் பலர் வேலை தேடித் தெற்கே வந்த கூலித் தொழிலாளர்கள்.

2024 அக்டோபர் 11. நம்ம கவரைப்பேட்டை. பாக்மதி எக்ஸ்பிரஸ் தவறாக லூப் லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயில் மேல் மோதியது. இங்கேயும் எல்.எச்.பி. பெட்டிகள்தான். பெட்டிகள் தடம் புரண்டன, ஒன்றில் தீகூடப் பிடித்தது. காயம் உண்டு. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அதே மாதிரி தவறு, அதே மாதிரி பெட்டி. ஒரு பெரிய வித்தியாசம் வேகம். பாலசோரில் சுமார் 128 கி.மீ., கவரைப்பேட்டையில் சுமார் 75 கி.மீ. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த ஒரு மடங்கை நல்ல பெட்டி வாங்கிக்கொண்டது. மூன்று மடங்கை எந்தப் பெட்டியும் வாங்காது, சீனப் பெட்டியானாலும் சரி.

அதனால்தான் மருதையாற்றை முதலிலேயே சொன்னேன். அரியலூரில் கரை, வென்சோவில் சிக்னல், பாலசோரில் சிக்னல். பெட்டி என்பது கடைசித் தடுப்பு. சீட் பெல்ட் மாதிரி. சாலை விபத்து கேஸ் வரும்போது நாங்கள் முதலில் பெல்ட் போட்டிருந்தாரா என்று கேட்போம். ஆனால் வளைவில் ஏன் விளக்கு எரியவில்லை என்றும் யாராவது கேட்க வேண்டும், இல்லையா?

எங்கள் மருதையாற்றைத் தாண்டி இப்போது திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் போகிறது. பெரம்பூரில் பிறந்த வடிவம். அரியலூரில் நிற்காது, விழுப்புரத்தை விட்டால் திருச்சிதான்.

அந்த ரத்த அழுத்த அம்மா போன வாரம் மறுபடி வந்தார். சென்னையில் பேத்திக்குப் பிரசவமாம், போகணுமாம். "ரயில்ல போங்கம்மா, பஸ்ஸுல உட்கார்ந்தா கால் வீங்கும்" என்றேன். அரியலூர் போய் ஏறுகிறேன் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழை இல்லியே டாக்டரு?" என்று கேட்டார். அறுபத்தெட்டு வயசு. விபத்து நடந்தபோது பிறக்கவே இல்லை.

மாத்திரையை மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தேன். காலை ரயிலுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.